நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி வாங்கிய குழப்பம்

எங்கள் பழைய சர்வீஸ் ஆட்களின் வாட்ஸாப் குழுவில் பாஸ்கர் என்னை மாட்டிவிட்டான். ஒரு காலத்தில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவன். இப்போது சித்தூரில் சொந்தமாக டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். "அண்ணா, ஊட்டுக்கு நாப்பத்திமூணு இஞ்ச்ல, ரொம்ப வெல இல்லாம எந்த டிவி எடுக்கலாம்னு தெனம் பத்து பேரு கேட்டுக்கினே இருக்காங்க. முப்பத்திமூணு வருசம் சர்வீஸ்ல இருந்தவரு நீங்க. எழுதிப் போடுங்க, அத்தயே எல்லாருக்கும் அனுப்பிடறோம்" என்று கேட்டிருந்தான். நான் பதில் சொல்வதற்குள் ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள்.

எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன மாதம்தான் நானே அப்படி ஒரு டிவி வாங்கினேன். எது நல்ல டிவி என்று வாங்குவதற்கு முன்னாலும் எனக்குத் தெரியவில்லை, வாங்கிய பிறகும் தெரியவில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சமையல்காரனுக்குப் பசிக்கிறது என்றால் ஓட்டலுக்கு வழி கேட்டு நிற்பானா என்று என் மகளே சிரித்தாள்.

நான் தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது, ஐடிஐயில் இரண்டு வருடம், ஒரு ரேடியோ கடையில் ஒரு வருடம் எடுபிடி. அதன் பிறகு திருப்பதியில் ஒரு டிவி டீலரின் சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. பதினாலு வருடம் அங்கே, மீதி சித்தூர் கிளையில்.

இப்போது இருப்பவர்களுக்கு அந்தக் காலத்து டிவியைப் பற்றி ஒன்று தெரியாது. அதைப் பழுது பார்ப்பவன் டிவிக்குப் பின்னால்தான் உட்காருவான். பின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே கையை விட்டு, படத்தை இழுத்து நேராக்க வேண்டும். படம் முன்னால் தெரியும், கை பின்னால் இருக்கும். அதனால் டிவிக்கு எதிரே ஒரு ஸ்டூலில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம். கண்ணாடியில் எல்லாமே இடம் வலமாக மாறித் தெரியும். செய்தி வாசிக்கிறவர் எந்தப் பக்கம் வகிடு எடுத்திருக்கிறார் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தப்பாகத்தான் சொல்ல வரும். என் உத்தியோக காலம் முழுவதும் நான் டிவியை முன்னால் இருந்து பார்த்தது குறைவு.

எங்கள் சூப்பர்வைசர் முனிரத்தினம் சார் நகரி பக்கத்துக்காரர். ஒல்லியாக இருப்பார், அதிர்ந்து பேச மாட்டார். கோபம் வந்தால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மறுபடியும் மூடி வைப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே நாங்கள் ஆளுக்கொரு மூலைக்கு நழுவிவிடுவோம். அவர் இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெயரைப் போடக் கூடாது. 'பொம்மை கொதிக்கிறது' என்று அந்த அம்மா சொன்னால் 'பொம்மை கொதிக்கிறது' என்றுதான் எழுத வேண்டும். எங்கள் பக்கம் டிவியில் வரும் படத்துக்குத் தெலுங்கு வழக்கப்படி பொம்மை என்றுதான் பேர்; அது புள்ளி புள்ளியாகப் பொரிந்தால் கொதிக்கிறது என்பார்கள். இரண்டாவது, வீட்டுக்குள் போனதும் டிவியைத் தொடக் கூடாது. யார் அதிகம் டிவி பார்க்கிறார்களோ அவர்கள் உட்காரும் இடத்தில் முதலில் நாம் உட்கார வேண்டும்.

"ஏம்பா சாலமன், ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு மொதல்ல உன் மூஞ்சியப் பாக்கறாரா, கத்திய எடுக்கறாரா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். ஆனால் அவர் கூட வராத வீடுகளில் நேராகப் போய் ஸ்குரூ டிரைவரைத்தான் எடுப்பேன். ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்க்க வேண்டும், இதில் உட்கார்ந்து எழுந்திருக்க ஏது நேரம் என்பது என் எண்ணம்.

அப்படி நான் நன்றாக மாட்டிக்கொண்டது வரதய்யபாளையத்தில். தனலட்சுமி என்ற அம்மா, விவசாயக் குடும்பம். புது இருபத்தொரு இஞ்ச் கலர் டிவி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் அவர் சொன்னபடி இருந்தது: 'வெளக்கு வெக்கிற நேரத்துக்கு எல்லார் மூஞ்சியும் ஒரு பக்கம் பச்சையாப் பூடுது.' நான் காலை பதினொரு மணிக்குப் போனேன். படம் தங்கமாக வந்தது. சாயங்காலம் வரை காத்திருக்க முடியாது என்று டிவியைத் தூக்கி வேனில் போட்டுத் திருப்பதிக்குக் கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் விடாமல் ஓட்டினோம். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. சிவப்பு மையில் 'செட் ஓகே' என்று எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாளே மறுபடியும் அதே புகார். இந்தத் தடவை எதற்கும் இருக்கட்டும் என்று நிறத்தைச் சரிசெய்யும் ஒரு பாகத்தையே மாற்றினேன். மறுபடியும் 'செட் ஓகே'. அடுத்த வாரம் அந்த அம்மாவே பஸ் ஏறி சர்வீஸ் சென்டருக்கு வந்துவிட்டார். கவுண்டரில் நின்று அழுதார். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று பேச ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தனோடு நாலு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவன் ஏதோ வைத்துவிட்டான், அதனால்தான் விளக்கு வைக்கும் நேரத்தில் முகம் மாறுகிறது என்று மாமியார் முடிவே செய்துவிட்டார். "டிவிக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. அப்ப எங்க ஊட்லதான் கோளாறுன்னு ஆயிப்போச்சு சார். மந்திரிக்க ஆளக் கூப்புடப் போறாங்க" என்றார். என் எழுத்து அவர் வீட்டில் எதற்கெல்லாம் சாட்சியாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. முனிரத்தினம் சார் பேனாவைத் திறந்து மூடினார்.

மறுநாள் சாரும் நானும் நாலு மணிக்கு அந்த வீட்டில் இருந்தோம். "அந்தப் பைய வெளியவே வெய்ப்பா" என்று என் கருவிப் பையைக் கழற்றச் சொல்லிவிட்டு, தனலட்சுமி அம்மா உட்காரும் பாயில் அவர் இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டு மணி நேரம். இரண்டு டீ. நான் நெளிந்தேன், அவர் அசையவில்லை. ஆறு மணி தாண்டி ஏழெட்டு நிமிடம் ஆனபோது, வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் செய்தி வாசிக்கும் பெண்ணின் வலது கன்னம் பச்சையாக மாறியது. "இதோ! இதோ!" என்று அந்த அம்மா கத்தினார். சார் டிவியைப் பார்க்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தார்.

அது ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். தம்பிக்குக் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். பகலெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிகள் வண்டியில் வெளியே போயிருக்கும்; சாயங்காலம் கொண்டு வந்து அந்தச் சுவரோடு சேர்த்து அடுக்குவான். ஸ்பீக்கருக்குள் இருக்கும் பெரிய காந்தம் அந்தக் காலத்து டிவியின் நிறத்தைப் பிடித்து இழுக்கும். தொழில் கற்ற முதல் வருடமே எனக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சார் போய்ச் சொன்னதற்குத் தம்பி, "அவங்களுக்கு வேணும்னா அவங்களே வந்து கேக்கட்டும்" என்றான். தனலட்சுமி அம்மா அவன் வாசலில் வந்து நின்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "பொட்டிய அந்தப் பக்கமா வெச்சிக்கோப்பா" என்றார். அவன் உடனே தூக்கி எதிர்ச் சுவரோரம் வைத்துவிட்டான். இதற்காகவா நாலு வருடம் என்பது போல எல்லோரும் கொஞ்சம் முழித்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் வளையம் மாதிரி இருக்கும், காந்தத்தின் பாதிப்பை நீக்கும் காயிலை எடுத்து, திரைக்கு முன்னால் சுற்றிக்கொண்டே மெதுவாகப் பின்னால் நகர்ந்து, மிச்சமிருந்த பச்சையைத் துடைத்தேன். சார் புத்தகத்தை வாங்கி, என் சிவப்பு எழுத்துக்குக் கீழே, 'செட்டும் சரி, அம்மா சொன்னதும் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்படிப்பட்டவரிடம் வேலை பார்த்த நான் என் சொந்த வீட்டுக்கு டிவி வாங்கப் போன லட்சணத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

என் மனைவி கிரேசுக்கு மூன்று வருடமாகக் காது கேட்பதில்லை. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதுப் பக்கம் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினால் பாதி கேட்கும், பாதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். மெஷின் வாங்கிக் கொடுத்தோம். தகர டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள். சர்ச் பாடகர் குழுவில் இருபத்தாறு வருடம் பாடியவள். அதை விட்டாள். பிறகு டிவியையும் விட்டாள். சாயங்காலம் ஏழு மணி சீரியலுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் வருகிறவர்களை எல்லாம் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவள், இப்போது அந்த நேரத்தில் சமையலறையில் எதையாவது கழுவிக்கொண்டிருப்பாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவாள். எனக்கு டிவி முக்கியமில்லை. அவள் மறுபடியும் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பெங்களூரில் இருக்கும் மகள் ஷீலாதான் வழி சொன்னாள். "நைனா, இப்ப வர்ற டிவில கீழ எழுத்து வரும். பெருசா வாங்கு, அம்மா படிச்சிக்கும்." நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் வீட்டு ஷோகேஸின் நடுப் பலகையில் நாற்பது இஞ்ச் அகலம்தான் இடம். டிவிக்குச் சொல்லும் அளவு மூலைக்கு மூலை என்பதால் நாற்பத்து மூன்று உள்ளே போகும், ஐம்பது போகாது. அந்த மட்டில் குழப்பமில்லை.

திருப்பதி ஷோரூமுக்கு முதல் தடவை தனியாகப் போனேன். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே பூ, ஒரே கடல். எல்லாக் கிளியும் பளபளவென்றுதான் இருந்தன. எனக்குக் கை பரபரத்தது. விற்பனைக்கு நின்றவரிடம், "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க, பின்னால பாக்கணும்" என்றேன். அவர் திருப்பினார். தட்டையாக, கறுப்பாக, நாலு திருகாணி. இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. "வெனக ஏமுந்தி சார், அந்தா முந்தே" என்று சிரித்தார். பின்னால் என்ன இருக்கிறது, எல்லாம் முன்னால்தான் என்று அர்த்தம். முப்பத்து மூன்று வருடத்தை ஒரு சிரிப்பில் முடித்துவிட்டார்.

இரண்டாம் தடவை போவதற்கு முன்னால் கிரேஸின் நாற்காலியில் உட்கார்ந்து டேப் பிடித்து அளந்தேன். எட்டரை அடி. ஷோரூமில் அதே எட்டரை அடி தள்ளி நின்று ஒவ்வொரு டிவியிலும் எழுத்தைப் போடச் சொன்னேன். அதில் ஆரம்பித்தது தலைவலி. எழுத்து டிவியில் இல்லையாம், அனுப்புகிறவர்கள் போட்டால்தான் வருமாம். கேபிளில் வரும் தமிழ் சீரியலுக்கு எழுத்தே கிடையாது. காசு கட்டிப் பார்க்கும் படங்களில் இங்கிலீஷ் எழுத்து வருகிறது. தெலுங்கு சிலவற்றில் வருகிறது. கிரேஸ் படித்தது தமிழ் மீடியம். தெலுங்கு தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. தமிழ் எழுத்து எங்கே வரும் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் ரிமோட்டை அழுத்தி அழுத்தி எங்கெங்கோ போனார். நடுவில் க்யூஎல்இடி என்றார்கள், 4கே என்றார்கள், ஹெர்ட்ஸ் என்றார்கள், ராம் எவ்வளவு என்று நான் கேட்காமலே சொன்னார்கள். இதில் இரண்டாயிரம் சேர்த்துப் போட்டால் அது வரும், அதில் ஆயிரம் குறைத்தால் இது போய்விடும். ஒவ்வொன்றும் அர்த்தம் தெரிந்த வார்த்தைதான் எனக்கு. சேர்த்து வைத்தால் ஒன்றும் புரியவில்லை. மலையடிவாரத்தில் அலிபிரி பக்கம் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

மூன்றாம் தடவை கிரேஸைக் காதுப் பரிசோதனைக்குத் திருப்பதி கூட்டிப் போயிருந்தேன். டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது ஷோரூமுக்குள் போகலாம் என்றேன். "நான் வர்ல. யாராவது இன்னாவது கேப்பாங்க, நான் ஆங் ஆங்குன்னு நிப்பேன். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே நின்னுக்கினு கீறேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். வெயில் தாங்கவில்லை. ஏசி காற்றுக்காகத்தான் கடைசியில் உள்ளே வந்தாள்.

நான் வழக்கம் போல ராம், ஹெர்ட்ஸ் என்று ஒரு மூலையில் மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. தேடிப் போனால், ஒரு டிவிக்கு எதிரே நாலைந்து பேர் கும்பலாக நிற்கிறார்கள், நடுவில் கிரேஸ். அந்த டிவியில் மட்டும் கிளிக்குப் பதிலாக ஏதோ தெலுங்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வேட்டிக்காரன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். கிரேஸ் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற புத்தூர்ப் பக்கத்து அம்மா, மகள் கல்யாணத்துக்கு டிவி பார்க்க வந்தவர், அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி, "இன்னாமா சிரிக்கிற, எங்களுக்குந்தான் சொல்லேன்" என்றார்.

"அவன் ஆட்டக் காணோம்னு எழுதிக் குடுக்க வந்து கீறான். இன்ஸ்பெட்டரு ஆட்ட துன்னுட்டு ஒக்காந்துகினு கீறாரு. பாரு, பல்லு குத்திக்கினே கேக்கறாரு, ஆடு இன்னா கலருன்னு!"

கும்பல் மொத்தமும் சிரித்தது. விற்பனைக்கு நின்றவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டப் போனார். "வேணாம்பா, இந்தம்மாவே சொல்லட்டும்" என்று புத்தூர் அம்மா தடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கடையில் ஒரு டிவியிலும் சத்தம் இல்லை. ஷோரூமில் எப்போதுமே இருக்காது. அத்தனையும் சேர்ந்து கத்தினால் யார் நிற்க முடியும்? மூன்று தடவை வந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. கிரேஸ் என்னைப் பார்த்ததும், மூன்று வருடமாக நான் பார்க்காத ஒரு முகத்தோடு சொன்னாள்: "இங்க யாருக்குமே காது கேக்காது போலக்கீதுங்க."

"எந்த டிவி வேணும்?" என்று கேட்டேன். எதிரே இருந்ததைக் காட்டினாள். அதற்கு ராம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பாஸ்கர், நீ கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லை, எனக்குத் தெரிகிறது. தமிழ் எழுத்து சர்ச் ஆராதனையை நெட்டில் போடும்போது வருகிறது, வேறு எங்கே வரும் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் சேர்த்துப் போட்டிருந்தால் இதைவிட நல்லது கிடைத்திருக்குமோ என்னவோ. படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

டிவி வந்த அன்றைக்கு ஏழு மணிக்கு சீரியலைப் போட்டு, சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கிரேஸ் எட்டிப் பார்த்து, "எனக்காக நீங்க ஏன் ஊமப்படம் பாக்கறீங்க, சத்தம் வெச்சிக்கோங்க" என்றாள். அவள் பக்கம் திரும்பி, "எனக்கு ஒண்ணும் புரில. அந்தம்மா இன்னா சொல்றா?" என்று கேட்டேன். தெரியாது என்று உள்ளே போய்விட்டாள். அடுத்த நாளும் கேட்டேன். மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

நேற்று மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் நின்று பேசும் இடம். "மொதல்ல சோறு துன்னு, சண்டைய அப்பறம் போட்டுக்கலாம்னு சொல்றா அந்தம்மா" என்றாள் கிரேஸ். எனக்குச் சந்தேகம். அவளுக்குத் தெரியாமல் சத்தத்தைக் கொஞ்சமாகக் கூட்டினேன். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் இந்த வீட்டை விட்டு வெளியே போ என்று மாமியார் உறுமிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக எங்கள் வீட்டில் ஓடியது வேறு கதை. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சத்தத்தை மறுபடியும் நிறுத்திவிட்டு, கிரேஸின் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டேன்.

"அதுக்கு மருமக இன்னா சொல்றா?"